பக்கத்தில் நிற்கிற பறவை

பென்குயின்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தாயை எழுதுகிறார்கள், தகப்பனை எழுதுகிறார்கள், குஞ்சைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்கள். பக்கத்தில் நிற்கிற பறவையை எழுதுவதில்லை. முட்டையே இடாதவளோ, இட்டதைப் பனியில் உருளவிட்டு இழந்தவளோ, கூட்டத்தின் ஓரத்தில் எவருடைய குஞ்சையோ பார்த்தபடி நிற்கிற அந்த ஒருத்தியைக் கேமரா தாண்டிப் போய்விடுகிறது, பாடப் புத்தகம் ஏறிட்டும் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டே டார்கஸ், தரையில் விரித்திருந்த நீலச் சார்ட்டின் நான்காவது மூலையை முழங்காலால் அழுத்தினாள். மற்ற மூன்று மூலைகளில் ஃபெவிகால் டப்பாவும் பாமாலைப் புத்தகமும் அரிசிப் பொட்டலம் ஒன்றும் உட்கார்ந்திருந்தன. மின்விசிறியை நிறுத்தினால் குழந்தைக்கு வியர்த்தது. ஓடவிட்டால் பனி பறந்தது. பனி என்பது தெர்மாகோல் உருண்டைகள். பழைய அட்டை ஒன்றை உதிர்த்து ஜெமிமா சேர்த்து வைத்திருந்தவை இப்போது நாற்காலிக்கு அடியிலும், காலண்டரில் ஆட்டுக்குட்டியைச் சுமந்து நிற்கிற மேய்ப்பரின் தாடியிலும், டார்கஸின் ஈரக் கழுத்திலும் ஒட்டியிருந்தன. வெளியே மே மாதத்துப் பாளையங்கோட்டை, தாரை இளக்கி நாய்களைச் சாக்கடைக்குள் படுக்க அனுப்பிய வெயில், உள்ளே அண்டார்டிகா. நான்காம் வகுப்புக்குப் போகவேண்டிய ஜெமிமாவுக்கு விடுமுறை வேலையாகப் பள்ளியில் கொடுத்தது, ஏதாவது இரண்டு பறவை இனங்களை ஒப்பிட்டு ஒரு சார்ட். காக்கையையும் அண்டங்காக்கையையும் எழுதியிருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும். அவளுக்குப் பென்குயின்தான் வேண்டும். அதிலும் பேரரசப் பென்குயினும் அரசப் பென்குயினும். ஜூனில் பள்ளி திறக்கிற அன்றைக்கே மிஸ்ஸிடம் கொடுக்கவேண்டும் என்று குழந்தை சொல்லும்போதெல்லாம் டார்கஸ் பசையை இன்னும் அழுத்தித் தடவினாள். குழந்தை ஜூனில் இங்கே இருக்கப்போவதில்லை. நான்கு மணிக்குக் கார் வரும், திருவனந்தபுரம் போகும், அங்கிருந்து விமானம் அயர்லாந்துக்கு. டார்கஸின் தம்பி ஆசீரும் அவன் மனைவி பியூலாவும் வேலை பார்ப்பது அங்கேதான். மகளை அழைத்துப் போகத்தான் இருவரும் வந்திருக்கிறார்கள். அங்கே பள்ளிக்கூடம் பேசியாயிற்று, ஜன்னலோரம் ஒரு சின்னக் கட்டிலும் வாங்கிப் போட்டாயிற்று. இனி அவளுக்கு ஊர் அதுதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஜெமிமாவைத் தவிர. அவளிடம் சொன்னது: லீவுக்குப் போகிறோம், பனியைப் பார்த்துவிட்டு வருகிறோம். கோடைக் காலத்தில் அங்கே பனியும் கிடையாது. பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத குடும்பம்.

"மதினி, நீங்க மட்டும் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தா போதும்" என்று பியூலா காலையில், இட்லித் துணியைப் பிழிந்தபடி, கெஞ்சலாகவே சொன்னாள். "இங்க வச்சுச் சொன்னா அது அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிரும். அங்க போயி நாலு நாள்ல நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்." வாயை வைத்துக்கொண்டு. டார்கஸின் வாய் சபை அறிந்தது, பள்ளி அறிந்தது. விலங்கியல் நடத்தப் போன அரசுப் பள்ளிகளிலெல்லாம் தலைமையாசிரியர்கள் அந்த வாயைப் பார்த்துத்தான் கூட்டம் முடிகிற நேரத்தைத் தீர்மானித்தார்கள். போன கிறிஸ்துமஸுக்குக் குருவானவரின் மனைவி ஐயரம்மா தனிப்பாட்டுப் பாடிவிட்டு இறங்கி வந்து எப்படி என்று கேட்டபோது, "சுருதி மட்டும் சேரல, மத்தபடி சேலையும் ரவிக்கையும் நல்லாச் சேந்துருக்கு" என்று சொன்னவள். மெய் பேசுகிறவள் என்று ஊரில் அவளைச் சொல்வது பாராட்டுக்காக அல்ல, எச்சரிக்கைக்காக. ஆனால் குழந்தைக்கு அது வேறு ஒன்றாக இருந்தது. கைப்பிடிச் சுவர் மாதிரி, பார்க்காமலே கையை ஊன்றலாம். ஊசி போடப் போனால் எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று நர்ஸ் சொல்வாள். ஜெமிமா டார்கஸைத் திரும்பிப் பார்ப்பாள். "ஊசி குத்துன மாதிரி வலிக்கும், கொஞ்ச நேரந்தான்" என்பாள் இவள். குழந்தை கையை நீட்டும். பூனை செத்தபோது அது இயேசப்பாவிடம் போயிருக்கிறது என்று ஞாயிறுபள்ளி டீச்சர் சொன்னதை நம்பாமல், வீட்டுக்கு ஓடி வந்து, "செத்துதான போச்சு அத்தே?" என்று கேட்டு, "செத்துதான் போச்சு" என்று இவள் சொன்ன பிறகே குழந்தை அழுதது. அழுவதற்குக்கூட இவளுடைய ஒப்புதல் வேண்டியிருந்தது. இப்போது இன்னும் கொஞ்ச நேரத்தில், இந்தச் சார்ட்டை ஒட்டி முடிப்பதற்குள், ஒன்று இவள் சொல்லவேண்டும், அல்லது சொல்லாமல் அனுப்பவேண்டும். சொல்லாமல் இருப்பது பொய் சொல்வது ஆகாது என்று காலையிலிருந்து தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். மாணவிகள் யாராவது இந்தச் சாக்கைச் சொல்லியிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பாள்.

"ஏட்டி, தலைப்புல என்ன எழுதி வச்சிருக்க?" ஜிகினாப் பேனாவில், ஒவ்வோர் எழுத்தும் வெண்டைக்காய் பருமனில், பெண்குயின்கள் ஓர் ஒப்பீடு என்று எழுதியிருந்தாள். "மூணுசுழி ண் போட்டுருக்க. பென்குயினுக்கு ரெண்டுசுழி." "பொம்பள தான அத்தே முட்டை போடுது? அப்பம் பெண்குயின்தான்." "அப்போ ஆம்பளைய என்னன்னு சொல்லுவ? ஆண்குயினா?" ஜெமிமா ஒரு கண்ணை மூடி யோசித்தாள். "ஆம்பளன்னா கிங்குல்லா? ஆண்கிங்கு." டார்கஸ் சிரித்துவிட்டாள், சிரித்த வேகத்தில் மூக்குக்குள் ஒரு பனி உருண்டை போய்த் தும்மினாள், தும்மலில், வெட்டி வைத்திருந்த பேரரசரின் காகிதத் தலை பறந்து பீரோவுக்கு அடியில் போனது. குப்புறப் படுத்துத் துழாவி எடுக்கையில் தரையின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது, அந்த ஒரு நிமிடம் எழுந்திருக்கவே வேண்டாம் போல இருந்தது. இங்கேயே கிடந்தால் கார் வந்து போய்விடுமா. ஒட்டடையும் ஒரு ரப்பரும் ஜெமிமாவின் தொலைந்துபோன ஒற்றைக் கொலுசும் கிடந்தன. கொலுசைத் தேடி அழுத நாள் இரண்டு வருடத்துக்கு முந்தையது. எடுத்துக் காட்டலாமா என்று நினைத்து, பையில் போட்டு அனுப்பிவிடுவார்களே என்று நினைத்து, எடுக்காமல் தலையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். சார்ட்டை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இடது பக்கம் பேரரசர்: உருவில் பெரியது, கழுத்தோர மஞ்சள் மெல்ல வெளுத்து மார்பில் கரைந்துவிடும், கடல் உறைந்த பனித்தரையில் நடுக்குளிர் காலத்தில் குஞ்சு பொரிக்கும். வலது பக்கம் அரசர்: கொஞ்சம் சிறியது, காதோர ஆரஞ்சு கரையாது, கரண்டி வடிவில் அழுத்தமாக நிற்கும், புல்லும் சேறும் இருக்கிற தீவுகளில் வாழும். இரண்டுக்கும் கூடு கிடையாது. ஒரே ஒரு முட்டை, அதைக் காலின்மேல் வைத்து அடிவயிற்று மடிப்பால் மூடிக்கொள்ளும். "முட்டைய யாரு பாத்துக்கிடுவா, அத எழுது" என்றாள் டார்கஸ். குழந்தை நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதியது. அரசர்: அம்மாவும் அப்பாவும் மாறி மாறி. பேரரசர்: அப்பா மட்டும். அம்மா கடலுக்குப் போகும். இரை கொண்டு வரும்.

அப்பா மட்டும். பென்குயின்களைப் பற்றிய படத்தில் அந்தக் கட்டம் வரும்போது பின்னணியில் வயலின் ஒலிக்கும். பெண் பறவை தன் காலிலிருந்து ஆணின் காலுக்கு முட்டையைத் தள்ளும். தடுமாறி ஒரு கணம் அதிகமாகப் பனியில் கிடந்தால் முட்டை விறைத்து வெடித்துவிடும். பிறகு பெண் நடந்துபோகும், ஆண் பட்டினி கிடந்து நிற்கும், உலகமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இந்த வீட்டில் தள்ளியது இந்த முன்கூடத்தில்தான். குழந்தைக்கு அப்போது தவழ்கிற பருவம். அயர்லாந்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, இரண்டு மார்பும் பால் கட்டி வலிக்க, ஒரு பழைய துணியை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு பியூலா காரில் ஏறினாள். ஆசீர் பெட்டியைத் தூக்குவதற்காக, "கொஞ்சம் பிடிக்கா" என்று குழந்தையை நீட்டினான். டார்கஸ் பிடித்தாள். கொஞ்சம். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு காலம் என்று யாரும் அன்றைக்குப் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் அவனுக்கும் விசா வந்து அவனும் போனான். பேரரசரின் பட்டினியும் வயலினும் அவனுக்கு வாய்க்கவில்லை. அப்புறம் குழந்தை பால் தேடி இவளுடைய ரவிக்கையை முட்டியது. முட்டுகிற வாய்க்குப் புட்டியைக் கொடுத்துவிட்டு டார்கஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சுவரில் ஒன்றும் இருக்காது. முதன்முதலில் சொல் வந்தபோது அது இவளைப் பார்த்து, ம்மா என்றது. இவள் குனிந்து, தெளிவாக, வகுப்பில் உயிரினப் பெயர் சொல்லிக்கொடுப்பது போலத் திருத்தினாள்: "அத்தை. சொல்லு, அத்தை." மறுபடியும் ம்மா என்றது. மறுபடியும் திருத்தினாள். எவ்வளவு நேர்மை! ஒரு வாரத்தில் குழந்தை தோற்று, அத்தே என்று ஒப்புக்கொண்டது. யாரும் கேட்காத அந்தத் திருத்தத்தை ஏன் செய்தோம் என்று பிற்பாடு பாத்திரம் தேய்க்கையில், விடைத்தாள் திருத்துகையில், பேருந்தில் ஜன்னலோரம் நிற்கையில் எல்லாம் யோசித்திருக்கிறாள். உண்மை என்பதனால். இன்னொருத்தியின் பெயரை எடுத்துக்கொள்வது திருட்டு என்பதனால். அல்லது, எடுத்துக்கொண்டால் பிறகு திருப்பித் தருகிற நாளில் உயிர் போய்விடும் என்று அப்போதே பயந்ததனால். அந்த ஒரு பொய்யை அன்றைக்குச் சும்மா விட்டிருக்கலாம். ஒரு நாளாவது. ஒரு மத்தியானமாவது.

"மதினி, இந்த முருங்கைக்கீரைப் பொடிய வைக்கவா, எடுக்கவா? பெட்டி எடை தூக்குது." உள்ளறையிலிருந்து பியூலா வந்தாள், கையில் பெட்டியைத் தூக்கி நிறுக்கிற கொக்கித் தராசு. "வை. அங்க போயி ஒனக்கு யாரு ஒடிச்சு உருவிப் பொடிச்சுத் தரப்போறா" என்றாள் டார்கஸ், தலையைத் தூக்காமல். "ஜெமி, குளிக்கப் போ கண்ணு." "சார்ட்டு முடியலம்மா." "சார்ட்டு இனிமே எதுக்கு…" என்று தொடங்கிய பியூலா நாக்கைக் கடித்துக்கொண்டாள்; தராசின் கொக்கி ஆடியது. குழந்தை கவனிக்கவில்லை, அல்லது கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. "அங்க கொண்டு போனா கசங்கிரும். அத்தை பீரோ மேல வச்சிருக்கட்டும். நான் வந்து எடுத்துக்கிடுவேன்" என்றது. "வாயப் பாரு, அப்படியே ஒங்க வாயி மதினி" என்று பியூலா சிரிக்க முயன்று, குனிந்து மகளின் தலையிலிருந்த தெர்மாகோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வெறுத்துத் தொலைப்பதற்குத் தோதான ஒருத்தியாக அவள் இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். அந்த விரல்களின் தோல், நாள் முழுக்க ஆஸ்பத்திரிச் சோப்பில் கழுவிக் கழுவி, நுனிகளில் வெடித்து உரிந்திருந்தது. மகளின் முதல் பல்லைக் கைப்பேசித் திரையில் பார்த்தவள். திரை உறைந்துபோய், திறந்த வாயோடு குழந்தை அசையாமல் நின்றுவிட்ட அந்தப் படத்தையே அழைப்பு துண்டித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒருமுறை சொன்னாள். கடல் என்றால் மீன் குதிக்கிற நீலம் என்று நினைக்கிறார்கள். பெண் பேரரசி போவது சூரியன் எழாத காலத்தில், எங்கே விரிசல் இருக்கிறது என்றே தெரியாத பனியின்மேல். போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்று யார் எழுதுகிறார்கள். இவள் திரும்பி வந்திருக்கிறாள், வயிறு நிறைய இரையோடு. இரையோடு வந்தவளுக்குக் குஞ்சைக் காட்டமாட்டேன் என்று சொல்ல எந்த நாட்டிலும் சட்டமில்லை, பனியிலும் இல்லை. இவ்வளவும் டார்கஸுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய. அந்த வெடித்த விரல்கள் குழந்தையின் வகிட்டைத் தொட்டபோது இவள் கையிலிருந்த கத்தரிக்கோல் தானாக மூடிக்கொண்டது.

பியூலா உள்ளே போனாள். இனி குஞ்சுகளை ஒட்டவேண்டும். பேரரசரின் குஞ்சு சாம்பல் நிறம், வெள்ளை முகத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டது போல, பார்த்த உடனே தூக்கத் தோன்றும். அரசரின் குஞ்சு பழுப்பு, கம்பளி மூட்டை, அழகு என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் கப்பலில் போனவர்கள் இந்தப் பழுப்புக் குஞ்சைத் தாயோடு சேர்த்துப் பார்க்கத் தெரியாமல், இது வேறு ஏதோ இனம் என்றே எழுதி வைத்தார்களாம். "லூசுங்க" என்றது ஜெமிமா. "அம்மா மாதிரி இல்லன்னா அம்மாட்ட பிறக்கலன்னு ஆயிருமா?" "ஆகாது" என்றாள் டார்கஸ். "இது எவ்வளவு நாளு குஞ்சாவே இருக்கும்?" "வருஷத்துக்கு மேல. நடுவுல ஒரு குளிர்காலம் முழுக்க அம்மாவும் அப்பாவும் கடலுக்குப் போயிரும். எப்பவாச்சும் வந்து இரை குடுக்கும். குஞ்செல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் காத்துக்கிட்டு நிக்கும்." "பயப்படாதா?" "பயப்படும்." "பெறகு எப்படி அம்மாவக் கண்டுபிடிக்கும்?" "குரல வச்சு." குழந்தை தலையாட்டிவிட்டுப் பசை தடவியது. குரலை வைத்து. ஆயிரம் குரல்களுக்கு நடுவே தன் குரல். இவளுடைய குரலை இந்தக் குழந்தை தூக்கத்திலும் அடையாளம் காணும். ஆனால் பாடத்தில் அது கணக்கில் சேராது. கணக்கில் சேராத பறவையைப் பற்றி டார்கஸ் கல்லூரி நாட்களில் ஒரு விலங்கியல் நூலில் படித்திருந்தாள், அந்தப் பக்கம் இன்றுவரை மறக்கவில்லை. பேரரசர் கூட்டத்தில், குஞ்சை இழந்த பறவைகள் அடுத்தவர் குஞ்சைக் கவரப் பார்க்கும். தாய் வருவதற்குள், அல்லது தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. ஒன்று வந்தால் இன்னும் நாலைந்து சேரும். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குஞ்சை அணைத்துக்கொள்ளத்தான் ஆசை. எல்லாமே அன்பினால்தான் நெருக்கும். நெருக்கிய நெருக்கலில் குஞ்சு சில சமயம் மிதிபட்டுச் செத்துப்போகும். இதைச் சார்ட்டில் எழுதச் சொல்லவில்லை. ஆனால் எழுதாத அந்த வரி, இரண்டு பத்திகளுக்கும் நடுவிலிருந்த கோட்டின்மேல், மத்தியானம் முழுக்க நின்றுகொண்டே இருந்தது. உண்மையைச் சொல்லவேண்டும் என்று துடிக்கிறாயே, டார்கஸ், அது யாருக்காக? குழந்தைக்காகவா? ஏமாற்றிக் கூட்டிப்போவது அநியாயம் என்பதற்காகவா? அல்லது, சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காகவா?

தேநீர் போடுகிற சாக்கில் எழுந்து போனாள். அடுக்களை ஸ்டூலில் ஆசீர் உட்கார்ந்து, முழுக்கால் சட்டையும் ஷூவும் போட்டுத் தயாராக, வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தான். "என்னக்கா, ஒரு மாதிரி இருக்க?" "எனக்கு எப்பவும் ஒரே மாதிரிதான். மாதிரி மாத்துறது நீங்கதான்." பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "நீயே சொல்லிரு ஆசீர். பெத்தவன் நீ. கார்ல ஏறுறதுக்கு முந்திச் சொல்லிரு." "எனக்குத் தைரியம் இல்லக்கா. அப்படியே சொன்னாலும் அது என்னை நம்பாது. நேரா ஒன்கிட்ட வந்து கேக்கும். நீ ஆமான்னு சொன்னேன்னா வாசல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னுரும், ஒருத்தரும் பிரிச்செடுக்க முடியாது. ஒனக்கே தெரியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பியூலா எட்டு வருஷமா ஒழுங்கா உறங்கலக்கா." பால் பொங்கி வழிந்தது, அடுப்பு சீறியது, இருவருமே அணைக்கவில்லை. வாசல் கம்பி. அது டார்கஸின் கண்முன் அப்படியே வந்து நின்றது: பச்சைப் பெயின்ட், துருப்பிடித்த மூன்றாவது கம்பி, அதைச் சுற்றி இரண்டு சின்னக் கைகள். ஒரு வாக்கியம் போதும். விமானம் போய்விடும். அடுத்த விமானத்துக்கு இவர்களுக்கு விடுப்பு இருக்காது. இன்னும் ஒரு வருடம். அதற்குள் என்னென்னவோ நடக்கலாம். ஒரே ஒரு வாக்கியம், அதுவும் உண்மை வாக்கியம், எவரும் குற்றம் சொல்ல முடியாதது. அது எவ்வளவு கூர்மையான அலகு. ஒரு பக்கம் இவள் இழுக்க, ஒரு பக்கம் பெற்றவள் இழுக்க, நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுகிற அந்த வாய். மிதிபடுவது என்றால் இப்படித்தான் இருக்கும்.

அப்புறம் அந்த இன்னொரு முள். கிளம்புகையில் குழந்தை, போயிட்டு வாறேன் அத்தே என்று சொல்லும். சொல்லித்தான் தீரும், கடைக்குப் போனாலும் அப்படிச் சொல்லவேண்டும், போறேன் என்று மொட்டையாகச் சொல்லக்கூடாது என்று வாயில் தட்டிச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான். என்ன மொழி இது, கிளம்புகிற எவனையும் திரும்பி வருவதாகச் சத்தியம் செய்யவைக்காமல் விடுவதில்லை. திரும்ப வராதவர்கள் எல்லோரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அன்றைக்கு மார்பில் துணி வைத்துக்கொண்டு பியூலாவும், புரியாத குழந்தையிடம், அம்மா போயிட்டு வாறேன் என்றுதான் சொன்னாள். அவள் வந்தும்விட்டாள், சொன்ன சொல் தவறாமல், அதுதானே இன்றைய துக்கம். சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற இடம் ஒன்றுதான் உண்டு, சாவு வீடு. அங்கே மட்டும் யாரும் யாரிடமும் வருகிறேன் என்று சொல்வதில்லை, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பேசாமல் நடந்துவிடுவார்கள். கார் வருகிற நேரத்தில் தான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டால் என்ன? குழந்தை தேடட்டும், சொல்லிக்கொள்ளாமல் போகட்டும், இது அப்படிப்பட்ட வீடுதானே. இல்லை, அது கோழைத்தனம். அப்படியானால் என்ன செய்யப்போகிறாய். தேநீரில் சர்க்கரை போட்டோமா என்று மறந்து மறுபடியும் போட்டாள். அடித்தொண்டையில் ஒரு குரல், அவளுடையதே, வகுப்பறைக் குரல், திரும்பத் திரும்பக் கேட்டது: நீ எந்தப் பறவை? எழுந்து நின்று சொல்.

முன்கூடத்துக்கு வந்தபோது ஜெமிமா எல்லாவற்றையும் ஒட்டி முடித்திருந்தாள். கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி: எனக்குப் பிடித்தது எது, ஏன். "எனக்கு அரசர்தான்" என்றாள். "ஏன்?" "பேரரசர்ல அம்மா முதல்லயே போயிருதுல்லா. இதுல மாறி மாறி வச்சுக்கிடுது. அதான் நியாயம்." எழுதினாள். பேனாவை மூடினாள். மூடியை மறுபடியும் திறந்து மூடினாள். பிறகு சார்ட்டைப் பார்த்துக்கொண்டே, மிகச் சாதாரணமாக, "அத்தே, ஒண்ணு கேப்பேன்" என்றாள். டார்கஸ் டம்ளரைத் தரையில் வைத்தாள். "அம்மா சொல்லுதா, லீவு முடியவும் வந்துருவோம்னு. அப்பாவும் அப்படித்தான் சொல்லுதா. சொல்லும்போது ரெண்டு பேரும் என்னைப் பாக்க மாட்டங்கா. நீ சொல்லு. ஜூன்ல நான் இங்க வந்துருவேன்லா?" நிமிர்ந்து பார்த்தாள். உள்ளறையில் தராசின் சத்தம் நின்றுபோனது. அடுக்களையில் ஸ்டூல் நகராமல் இருந்தது. அந்த வீடு முழுவதும் டார்கஸின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது. கம்பி, பச்சைக் கம்பி, ஊசி குத்தினால் ஊசி குத்தின மாதிரி வலிக்கும், செத்துதான் போச்சு, அத்தை, சொல்லு, அத்தை, வெடித்த விரல், கொஞ்சம் பிடிக்கா, கதகதப்பான முட்டைமேல் ஒரே சமயத்தில் குனிகிற எத்தனை அலகுகள், நான் உன்னை எனக்காக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன், அதனால்தான் உண்மை என் வாயில் இவ்வளவு இனிக்கிறது, இனிக்கிற உண்மையை நான் எப்படி நம்புவேன், நீ என்னை நம்பிக் கையை ஊன்றுகிறாய், நான் நகர்ந்துகொள்ளப்போகிறேன், விழுவாய், ஆனால் இங்கே அல்ல, கம்பிக்கும் காருக்கும் நடுவில் அல்ல, அங்கே, ஜன்னலோரக் கட்டிலில், உன்னைத் தூக்கி எடுக்க உன் அம்மா பக்கத்தில் இருக்கிற இடத்தில். டார்கஸ் குழந்தையின் கண்ணை நேராகப் பார்த்தாள். பார்க்காமல் சொன்னால் நம்பாது. "வந்துருவட்டி" என்றாள். "ஜூன்ல வந்துருவ." "அப்பம் சரி" என்றது குழந்தை, உடனே, ஒரு மூச்சுக்கூட இடைவெளி விடாமல், எழுந்து குளிக்க ஓடியது. அவ்வளவு சுலபமாக இருந்தது. எட்டு வருடம் ஒருத்தியாக நின்று கட்டிய சுவரில் ஒரு செங்கல்லை உருவ ஒரு விநாடி போதுமானதாக இருந்தது. உள்ளறையில் பியூலா வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. டார்கஸ் அழவில்லை, தரையில் சிந்திக் கிடந்த பனியைத் துடைப்பத்தால் கூட்டத் தொடங்கினாள், அது துடைப்பத்தை விட்டு நழுவி நழுவிப் பறந்தது.

கார் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். பியூலா இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மதினி, இந்த நன்றிய நான் எப்படி…" என்று திணறினாள். "ஒன் நன்றியப் பெட்டிக்குள்ள வச்சிராத, எடை தாங்காது" என்றாள் டார்கஸ், டிரைவர்கூடச் சிரித்தான். ஆசீர் சிரிக்கவில்லை, அக்காளைப் பார்க்கவும் இல்லை. ஜெமிமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எதிர்பார்த்தது போலவே, உரக்க, "போயிட்டு வாறேன் அத்தே" என்றாள். "போயிட்டு வா" என்றாள் டார்கஸ். கார் திரும்பியது.

ஜூன் வந்தது. பாளையங்கோட்டையில் பள்ளி திறக்கிற தேதியைக் குழந்தை மறக்காமல் வைத்திருந்து, அந்த நாள் நெருங்கியும் ஒருவரும் பெட்டி கட்டாததைப் பார்த்து, தானே கேட்டுத் தெரிந்துகொண்டது என்று ஆசீர் தொலைபேசியில் சொன்னான். சில நாள் யாரிடமும் பேசவில்லையாம். பிறகு தாயிடம் பேசியது, தகப்பனிடமும் பேசியது. அவர்கள் சொன்னதை அது முதலிலிருந்தே முழுதாக நம்பியிருக்கவில்லை, ஆகவே அவர்களை மன்னிக்கப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. நம்பியது ஒருத்தியை. திரையில் டார்கஸின் முகம் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டது. முதல் வருடம் டார்கஸ் ஞாயிறுதோறும் அழைத்தாள். பிறகு பண்டிகைகளுக்கு அழைத்தாள். பிறகு, குழந்தையைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று பியூலா, மரியாதையாகத்தான், கேட்டுக்கொண்ட பிறகு, அழைக்கவில்லை. ஜெமிமா வளர்ந்து, கல்லூரிக்குப் போகிற வயதில், யாருடைய திருமணத்துக்கோ ஊருக்கு வந்தபோது மண்டபத்தில் இவளைப் பார்த்தாள். அத்தை என்று கூப்பிடவில்லை, ஆன்ட்டி என்றாள், ஆங்கிலத்தில் நலம் விசாரித்தாள், பந்தியில் வந்த உணவைப் புகழ்ந்தாள். டார்கஸ் காரணம் எதையும் விளக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு அவள் பணியிலிருந்து ஓய்வு பெற்றாள். சர்க்கரையில் ஒரு கண் மங்கியது, பிறகு மற்றதும். அந்த வீட்டில் தனியாகவே இருந்தாள், ஒரு மழைக்காலத்தில் இறந்தாள். அடக்கத்துக்கு ஆசீரும் பியூலாவும் வந்தார்கள். ஜெமிமா வரவில்லை.